கடல் கடந்த ஒரு கால்வழி



வேலூர்ப் பக்கத்தில் ஸ்கடர் என்னும் பெயரைக் கேளாதவர் அரியர். எங்கள் அணைக்கட்டிலிருந்து நோயாளியை வண்டியேற்றிக் கொண்டு வேலூருக்கு விரைவோர் எல்லோரும் அப்பெயரை அறிவர். 1900ஆம் ஆண்டில் ஒரே ஒரு படுக்கையுடன் ஐடா ஸ்கடர் அம்மையார் தொடங்கிய மருத்துவப் பணியே கிறித்தவ மருத்துவக் கல்லூரியாக வளர்ந்தது. அவரை நாம் அமெரிக்கர் என்கிறோம். அவர் பிறந்ததோ 1870இல், நம் இராணிப்பேட்டையில். அவருடைய குடும்பத்தின் வேரோ இங்கிலாந்தில். இக்கால்வழியை எவ்வாறு அறிந்தனர் என்பதைச் சொல்லப் புகுகின்றேன்.

முன்னோர் ஒருவரைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்குவது தவறான வழி. அவ்வாறு இறங்கினால் புகழ்பெற்ற மன்னர் எவரேனும் நமக்குப் பாட்டனாராக வாய்த்துவிடுவார்! தெரிந்தவரிடமிருந்து ஒவ்வொரு படியாக மேலே ஏறுதலே முறை.

ஐடா அம்மையாரின் தந்தை டாக்டர் ஜான் ஸ்கடர். பாட்டனார் பெயரும் டாக்டர் ஜான் ஸ்கடரே. தந்தை 1900இல் மறைந்தார். பாட்டனார் 1855இல் நன்னம்பிக்கை முனையில் மறைந்தார். ஆண்டுகளை நோக்காதவன் இருவரையும் ஒருவராக்கிவிடுவான். அம்மையாரின் உடன்பிறந்தார் மகளும் ஐடா என்ற பெயருடன் வேலூரிலேயே மருத்துவராக விளங்கினார். பெயர் ஒன்றையே நம்புவோர் படும் பாட்டை எண்ணிப் பாருங்கள்.

பாட்டனார் 1793இல் நியூ ஜெர்சியின் ஃபிரீஹோல்டு என்னும் ஊரில் பிறந்து, 1819இல் இலங்கைக்குப் புறப்பட்டவர். அவருடைய பாட்டனார் நத்தானியேல் ஸ்கடரும் மருத்துவரே. அமெரிக்க விடுதலைப் போரில், ஆங்கில அரசின் பக்கம் நின்றோரை எதிர்த்துப் போரிட்டு 1781இல் உயிர்நீத்தார். இங்கிலாந்திலிருந்து வந்த குடியில் பிறந்தவர் இங்கிலாந்தை எதிர்த்து மாண்டார்!

அவர்க்கும் மேலே ஏறினால், லாங் ஐலண்டு வழியாகத் தாமஸ் ஸ்கடர் என்பவரிடம் சேர்கின்றோம். அவர் பதினேழாம் நூற்றாண்டில் மாசச்சூசெட்ஸ் நாட்டுச் சேலத்தில் வாழ்ந்தவர். நம் மாம்பழச் சேலம் அன்று. ஊர்ப் பெயரும் ஏமாற்றும். அவர் எழுதி வைத்த உயிலில் மனைவி, மக்கள் பெயர்கள் உள்ளன. கடலுக்கு அப்பால் உள்ள கண்ணியைத் தேட, இங்கிலாந்தில் 1538 முதல் ஒவ்வொரு தேவாலயத்திலும் எழுதப்பட்டு வந்த ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றின் பதிவேடுகள் துணை செய்தன. கென்ட் பகுதியிலுள்ள ஹார்ட்டன் கிர்பி என்னும் ஊரையே ஆய்வாளர் சுட்டுகின்றனர்.

பதிவேடு என்றதும் என் நெஞ்சு உறுத்துகின்றது. அதையும் சொல்லிவிடுகின்றேன்.

சென்ற ஆண்டு, என் பழைய மாணவர் ஒருவரின் மகள் அமெரிக்காவிலிருந்து மடல் எழுதினாள். அவள் தன் குடும்பத்தின் கால்வழியைத் தொகுக்கின்றாள். ஆடிக் கிருத்திகைக் காவடி தெருவில் போகையில் தன் மகன் பிறந்தான் என்பது அவள் பாட்டியின் உறுதி. பள்ளிச் சான்றிதழிலோ ஜூன் 1 என்றிருக்கின்றது. "பாட்டிக்கு நினைவு தவறியதோ, ஐயா?" என்பது அவள் கேள்வி.

பாட்டிக்கு நினைவு தவறவில்லை. அந்நாளில் சேர்க்கைப் பதிவேட்டை எழுதியவன் நான். சிறுவனின் தந்தையார் தோல் பதனிடும் தொழிலாளி. விடியுமுன் வேலைக்குப் போக வேண்டியவர், ஒரு வேளைக் கூலியை இழந்து மகனுடன் வந்து நின்றார். பிறந்த நாளைக் கேட்டேன், அவர் விழித்தார். பள்ளி திறக்கும் மாதத்தில் ஐந்து வயது நிறைந்திருக்க வேண்டும் என்பது விதி. ஜூன் 1 என்று எழுதி, அடுத்த பிள்ளையை அழைத்தேன். அவ்வாண்டு எத்தனையோ பிள்ளைகள் என் பேனாவால் அதே நாளில் பிறந்தனர். தாயை ஒரு சொல் கேட்டு வரச் சொல்லியிருக்கலாம். எனக்குத் தோன்றவில்லை.

அப்பெண்ணுக்கு விடை எழுதினேன்: "அம்மா, ஆடிக் கிருத்திகை என்றே குறித்துக்கொள். ஜூன் 1 என்பதையும் அடித்துவிடாதே. அதனை எழுதியவர் இன்ன ஆசிரியர் என்று பக்கத்தில் என் பெயரையும் எழுதிவை. உன் பாட்டியார் இன்னும் என்னென்ன சொல்கின்றார் என்பதை இப்பொழுதே கேள்."