காரணம் அறிதலும் காரியம் வகுத்தலும்

(கே.ஜி.கண்டிகையில் நடைபெற்ற நமது சங்கத்துக் குடும்பக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



இன்று மாலை இக்கூட்டம் தீர்மானிக்க வேண்டிய விஷயம் ஒன்றே. பத்தாம் வகுப்புக்குமேல் நம் பெண்மக்களின் படிப்பு நின்றுபோகாதிருக்கும் பொருட்டு, நமது கல்வி நிதியில் சேர்ந்திருக்கும் பொருளை எவ்வாறு செலவிடுவது என்பதே அது. காரியக் கமிட்டியார் மிகுந்த பிரயாசை எடுத்து, வீடுவீடாகச் சென்று விசாரித்து, படிப்பு நிற்பதற்குரிய காரணங்களை ஒரு காகிதத்தில் எழுதித் தந்திருக்கின்றனர். வறுமை, கல்லூரியின் தொலைவு, பஸ் வசதிக் குறைவு, தறியுள்ள வீடுகளில் தார் சுற்ற ஆள் வேண்டியிருத்தல், தாய் கூலி வேலைக்குச் சென்றால் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள மூத்த பெண் வேண்டியிருத்தல், நல்ல வரன் வந்தால் நழுவ விடலாகாதென்னும் எண்ணம், ஊர் வாய்க்கு அஞ்சுதல் என்று அப்பட்டியல் நீண்டு செல்கின்றது. அவற்றுள் ஒன்றையும் பொய்யென்று சொல்வதற்கில்லை. ஆயினும் அக்காகிதத்தின் கடைசி வரியில், "ஆகையால் பெண்ணொருத்திக்கு ஒரு தொகை ஒருமுறை கொடுத்துதவலாம்" என்று எழுதியிருப்பதைக் கண்டு யான் சிறிது திகைத்தேன். காரணப் பட்டியலுக்கும் அத்தீர்மானத்துக்கும் நடுவே ஒரு பெரும் பள்ளம் கிடக்கின்றது. அதனைப்பற்றியே பேசலாமென்று வந்தேன்.

பிறரைக் குறை சொல்லுதற்கு முன் என் குறையைச் சொல்லிவிடுகின்றேன். சில ஆண்டுகளுக்கு முன் இந்நிதியின் பொக்கிஷதாரனாக இருந்த காலத்தில், யானும் இதனையே செய்தேன். கல்லூரியிற் சேர்வதற்கென்று சில குடும்பங்களுக்கு மொத்தமாகப் பணம் கொடுத்தோம், மாலையிட்டோம், படமும் எடுத்துக்கொண்டோம். மறு ஆண்டு அவ்வீடுகளுள் ஒன்றின் வாசலில் பந்தற்கால் நட்டிருந்தது. பெண்ணின் தகப்பனார் என்னைத் தனியே அழைத்துச் சென்று, தலை குனிந்தவராய், "ஐயா, நீங்கள் கொடுத்தது சமயத்துக்கு உதவிற்று" என்றார். அவர்மீது எனக்குக் கோபமில்லை, இன்றும் இல்லை. வறுமையே காரணம் என்று கண்டோம், பணம் கொடுத்தோம். அப்பணம் அவ்வீட்டுக்குள் நுழைந்தபின் யார் கையில் தங்கும், அவர் மனத்தில் எவ்வெண்ணத்தை எழுப்பும், அவ்வெண்ணம் எவ்வாறு அப்பெண்ணைக் கல்லூரி வாசலிற் கொண்டுபோய் நிறுத்தும் என்று ஒருவரும் எண்ணிப் பார்க்கவில்லை. பிழை எங்களுடையது.

நோயின் காரணத்தை அறிவது ஒன்று. எதைச் செய்தால் அது தணியும், ஏன் தணியும் என்று வகுப்பது வேறொன்று. இக்காலத்துச் சமூகத் தொண்டர்கள் பின்னதை "மாற்றக் கோட்பாடு" என்று வழங்குகின்றனர். பெயர் பெரிதாயினும் பொருள் எளிது. நமது தணிகை மலைக்கு 365 படிகள் உண்டென்பதைக் குழந்தையும் அறியும். அடிவாரத்தில் நின்றுகொண்டு, "கோயில் மேலே இருக்கின்றது, நாம் கீழே இருக்கின்றோம்" என்று சொல்வது பிரச்சினையை ஆராய்தல். முதற்படி எது, அதிலிருந்து அடுத்த படிக்குக் கால் எட்டுமா, எட்டுமென்று எதை நம்பிச் சொல்லுகின்றோம் என்று கேட்பதே கோட்பாடு வகுத்தல். நம்பிக்கைகளை வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும் என்பதே இதில் முக்கியம். சொல்லாத நம்பிக்கை தவறியபின்னரே கண்ணுக்குத் தெரிகின்றது.

இதற்கு நமது மாநிலத்திலேயே ஒரு சிறந்த உதாரணம் உண்டு. 1970-களின் தொடக்கத்தில் தமிழ்நாட்டில் குழந்தைகளுக்கு உணவளிக்கும் திட்டங்கள் பல நடந்துகொண்டிருந்தன. இருந்தும் இளங்குழந்தைகளின் மெலிவு குறையவில்லை. ஏன் என்று ஆராய்ந்து 1973-இல் தமிழ்நாடு ஊட்டச்சத்து ஆய்வறிக்கை வெளியாயிற்று. அரிசிப் பற்றாக்குறையும் வறுமையும் காரணங்களே என்பதை அவ்வாய்வு மறுக்கவில்லை. ஆனால் அது இன்னும் கிட்டச் சென்று பார்த்தது. மூன்று வயது நிரம்பாத குழந்தைகளே மிகுதியும் நலிந்தனர். திட்டங்களோ பெரும்பாலும் அதற்கு மேற்பட்ட பிள்ளைகளையே எட்டின. மையத்தில் ஒரு வேளை உண்ட பிள்ளைக்கு வீட்டில் அவ்வேளைச் சோறு குறைந்தது; ஆதலின் கூடுதல் உணவு மாற்று உணவாகிவிட்டது. தாய்ப்பாலோடு இணை உணவு தரத் தொடங்கும் காலம் தாழ்ந்தது. வயிற்றுப்போக்கு உண்டதையும் பறித்தது.

இதற்குப்பின் 1980-இல் உலக வங்கியின் கடனுதவியோடு தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் மதுரை மாவட்டத்தில் தொடங்கிற்று. அதன் அமைப்பை ஊன்றிக் கவனியுங்கள். ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரையுள்ள குழந்தைகளை மாதந்தோறும் நிறுத்துப் பார்ப்பது. எடை ஏறாத குழந்தைக்கு மட்டும், ஏறத்தாழத் தொண்ணூறு நாள் உணவு தருவது. எடை தேறியதும் நிறுத்திவிடுவது. எல்லோருக்கும் எந்நாளும் கொடுக்காமல் இவ்வளவு கண்டிப்பு ஏன் என்று அக்காலத்திலேயே பலர் கேட்டிருப்பர். அதற்கு விடை படிவரிசையிற் கிடக்கின்றது. எடை அட்டையில் கோடு தாழ்வதைத் தாய் தன் கண்ணாற் காண்கின்றாள். சில வார உணவில் அக்கோடு உயர்வதையும் காண்கின்றாள். இவ்வளவு சிறிய உணவு வீட்டிலும் தரக்கூடியதே என்று அறிகின்றாள். உணவு நின்றபின்னும் தானே தொடர்கின்றாள். ஆகவே அங்குத் தரப்பட்ட உருண்டை, பசிக்கு மருந்தாக இருந்ததோடு தாய்க்குப் பாடமாகவும் இருந்தது. பாடம் சொல்லும் ஊழியரும் அவ்வூர்ப் பெண்மணியே. அயலூர் அதிகாரியின் சொல்லைவிடப் பக்கத்து வீட்டுக்காரியின் சொல் உள்ளே செல்லும் என்பது இன்னொரு நம்பிக்கை.

பலன் எவ்வாறு இருந்தது? கடுமையான ஊட்டக்குறை வெகுவாகக் குறைந்ததென மதிப்பிட்டோர் கண்டனர். நடுத்தர மெலிவோ எதிர்பார்த்த அளவு குறையவில்லை. இரண்டையும் மறையாமற் சொல்ல வேண்டும்.

இனி என் பேச்சின் உயிரான பகுதிக்கு வருகின்றேன். தமிழ்நாட்டில் பயன் கண்ட இவ்வேற்பாட்டைப் பின்பற்றி, 1995-இல் வங்கதேசத்தில் ஒரு திட்டம் தொடங்கினர். அங்கும் எடை பார்த்தனர், உணவு தந்தனர், தாய்மாருக்குப் போதித்தனர். தாய்மாரும் கற்றுக்கொண்டனர். ஆயினும் குழந்தைகளின் உடல்நிலையில் எதிர்பார்த்த மாறுதல் உண்டாகவில்லை. உலக வங்கியின் மதிப்பீட்டாளர்கள் 2005-இல் இதனை ஆராய்ந்து கண்ட காரணங்களுள் ஒன்று நம்மைச் சிந்திக்கச் செய்வது. அவ்வூர்களில் கடைக்குச் சென்று உணவுப்பொருள் வாங்குபவர் பெரும்பாலும் ஆடவர். கூட்டுக் குடும்பத்தில் யாருக்கு எவ்வளவு உணவு என்பதைத் தீர்மானிப்பவர் மாமியார். கற்றவள் மருமகள், சாவி இருந்ததோ மாமியார் இடுப்பில்! (தாய்மார்கள் சிரிக்கின்றீர்கள்; சிரிப்பின் பொருள் எனக்கும் தெரியும்.) "தாய் அறிந்தால் குழந்தை உண்ணும்" என்னும் படி தமிழ்நாட்டில் கால் தாங்கிற்று, அங்கே தாங்கவில்லை. ஏறத்தாழ ஒரே வகைத் திட்டம். நடுவிலிருந்த சொல்லப்படாத ஒரு நம்பிக்கை மட்டும் வேறு.

இதனால் எல்லா உணவுத் திட்டத்தையும் ஒரே கோலால் அளக்கலாகாதென்பதும் விளங்கும். 1920-இல் சென்னை நகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில் தொடங்கிய உணவுக்கும், 1956-இல் காமராசர் மாநிலமெங்கும் பரப்பிய மதிய உணவுக்கும் முதல் நோக்கம் ஏழைப் பிள்ளையைப் பள்ளிக்கு வரச் செய்தல். சோறு அங்கே அழைப்பு மணி. 1982-இல் எம்.ஜி.ஆர். சத்துணவாக விரிவாக்கியபோது ஊட்டமும் முன்னே வந்தது. எந்தப் படிவரிசைக்காக இட்ட சோறென்று கேளாமல், வென்றதா தோற்றதா என்று வாதிடுவதிற் பயனில்லை.

நம் விஷயத்துக்குத் திரும்புவோம். அரசாங்கம் 1989-இல் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரால் திருமண உதவித் திட்டம் ஏற்படுத்திற்று. இத்தனாவது வகுப்பு வரை படித்த பெண்ணுக்கே உதவி என்பது அதன் நிபந்தனை. பிற்காலத்தில் தாலிக்குத் தங்கமும் சேர்ந்தது. திருமணத்துக்கு வரும் பணத்தை எண்ணியாவது பெற்றோர் பெண்ணைப் பள்ளியில் வைத்திருப்பர் என்பது அதன் கோட்பாடு. அதனாற் பயனில்லை என்று யான் சொல்லேன். ஆனால் பணம் வந்துசேரும் இடம் மணப்பந்தல். படிப்பு அதற்கு வழியிலுள்ள சத்திரம். 2022-இல் அத்திட்டத்தை மாற்றி, அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்து உயர்கல்வியிற் சேர்ந்த பெண்ணுக்கு, படிக்குங்காலத்திலேயே மாதம் 1000 ரூபாய் அவளுடைய வங்கிக் கணக்கிற் சேரும்படி செய்தனர். புதுமைப் பெண் என்பது அதன் பெயர். நம் திருத்தணியிற் பிறந்த இராதாகிருஷ்ணனாரின் பிறந்த நாளாகிய செப்டம்பர் 5-இல் அது தொடங்கிற்று என்பதும் நமக்கு ஒரு மகிழ்ச்சி. பணத்தின் அளவு ஒருபுறமிருக்க, அது வரும் நேரமும் சேரும் கையும் மாறியதைப் பாருங்கள். யான் முன்னே சொன்ன பந்தற்கால் வீட்டில் இவ்விரண்டையுமே நாம் கவனிக்கத் தவறினோம்.

அப்படியாயின் கமிட்டியாரின் பட்டியலை மறுபடி எடுத்துக்கொள்வோம். "பஸ் வசதிக் குறைவு" என்று ஒரு வரி இருக்கின்றது. இதைக் கண்டதும் பஸ் கட்டணம் கொடுக்கலாமென்று ஒரு நண்பர் சொன்னார். 2021 முதல் அரசாங்கத்தின் சாதாரண நகரப் பேருந்துகளில் மகளிருக்குக் கட்டணமே இல்லை! அவ்வாறிருக்கக் குறைவு எதில்? யான் விசாரித்த வீடுகளில், மாலையில் இருட்டியபின் பெண் தனியே இறங்கி நடந்து வர வேண்டியிருக்கின்றதே என்பதுதான் கவலை. அதற்குப் பணம் மருந்தன்று. ஒரே வேளையில் திரும்பும் பெண்கள் நால்வர் ஐவராகச் சேர்ந்து வருவதும், இறங்குமிடத்தில் நம்மவர் ஒருவர் நிற்பதும், நேரம் மாற்றும்படி போக்குவரத்து அதிகாரிகளுக்கு விண்ணப்பம் செய்வதுமே பொருந்தும். தார் சுற்றும் கை வேண்டுமென்ற வரி வேறு வகை. அங்கே பெண் கல்லூரிக்குச் சென்றால் வீட்டு வரும்படியில் உண்மையாகவே துண்டு விழுகின்றது, மாதந்தோறும் விழுகின்றது. ஆடி மாதத்தில் ஒருமுறை தரும் தொகை அதனை அடைக்காது. மாதாமாதம் சிறிது சிறிதாகத் தந்தால் அடைக்கலாம்.

வரன் பற்றிய வரியோ எல்லாவற்றிலும் கடினம். அதை அவிழ்க்க நம்மிடம் பொருள் இல்லை, மனிதர்கள் இருக்கின்றனர். ஆனால் அவர்கள் எவரிடம் பேசுவது? சென்ற ஆண்டு நாம் செய்த உபந்நியாசங்கள் எல்லாம் பள்ளிப் பெண்களை முன் உட்கார வைத்துச் செய்தவை. படிப்பின் பெருமையை அவர்கள் நம்மைவிட நன்றாக அறிவர். வங்கதேசத்து மருமகளுக்குப் போதித்த கதையே இங்கும் நடந்தது. ஒரு வீட்டில் கடைசிச் சொல் தகப்பனுடையது; ஒரு வீட்டில் ஆயாவுடையது; எல்லைக்கப்பால் நகரிப் பக்கம் சம்பந்தம் செய்துகொண்ட சில வீடுகளில் தாய்மாமனுடையது. அவரிடம் அன்றோ செல்ல வேண்டும்? செல்பவரும் தம் பெண்ணைப் படிக்க வைத்த ஒரு தாயாக இருந்தால், "பிறகு வரன் கிடைத்ததா?" என்னும் கேள்விக்குக் கையோடு விடை சொல்லக்கூடும். மேடையிலிருந்து யான் அதற்கு விடை சொன்னால் ஒருவரும் நம்பார். எனக்குப் பெண் இல்லை.

படிகளை எழுதும்போதே, எந்தப் படி இற்றது என்பதைத் தெரிந்துகொள்ளும் அடையாளத்தையும் எழுதிவைத்தல் நலம். தேர்வு முடிவு வந்த மாதத்தில் விண்ணப்பம் போட்டாளா? சேர்ந்தவள் தீபாவளிக்குப் பின்னும் போகின்றாளா? விண்ணப்பமே போடாவிட்டால் நாம் வீட்டாரிடம் பேசியது பலிக்கவில்லை. சேர்ந்து நின்றால் வழியிலோ வரும்படியிலோ கோளாறு. ஆண்டு முடிவில் "இத்தனை பேருக்கு இவ்வளவு கொடுத்தோம்" என்று அறிக்கை வாசிப்பது கொடுத்தவர் கணக்கு. படித்தவள் கணக்கு அதில் இராது.

ஆதலால் இன்றைக்குக் கைதூக்க வேண்டாமென்று அக்கிராசனர் அவர்களை வணக்கத்தோடு கேட்டுக்கொள்கின்றேன். ஒரு மாதம் பொறுப்போம். நிதி வங்கியில் இருக்கின்றது, ஓடிப்போகாது. அதற்குள் கமிட்டியார் ஒவ்வொரு வீட்டிலும் இன்னும் ஒரே ஒரு கேள்வி கேட்டுவரட்டும்: இப்பெண் மேலே படிப்பதா என்பதில் இவ்வீட்டில் கடைசிச் சொல் யாருடையது? ஆடவர் மட்டும் செல்ல வேண்டாம். தாய்மார்கள் இருவரையேனும் உடன் அழைத்துச் செல்க. தறி நிற்கும் அமாவாசையன்று சென்றால் வீட்டார் எல்லோரும் இருப்பர்.