தொட்டிலும் அரியணையும்
(பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றப்பெற்ற சொற்பொழிவு)



பள்ளிப்பட்டு எல்லையில் அமைந்த ஊர். தமிழும் தெலுங்கும் ஒரே திண்ணையில் அமர்ந்து பேசும் ஊர். மொழிவழி எல்லை வரையப்பட்டு 1960 ஏப்ரல் முதல் நாள் திருத்தணிப் பகுதி சென்னை மாநிலத்தோடு இணைந்தது. அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பு இந்நிலம் எல்லையாக இருந்ததில்லை. ஒரு பேரரசின் நடுவிடமாக இருந்தது. வடக்கே சந்திரகிரி, தென்மேற்கே வேலூர். விசயநகரப் பேரரசின் பிற்காலத் தலைநகரங்கள் இவையிரண்டுமே. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட இந்த மண்ணுக்கு உரிமையான கதை ஒன்று உண்டு. அது ஓர் அரசியின் கதை. அவள் பெயர் பாயம்மா.

தலைக்கோட்டைப் போர் நிகழ்ந்த 1565க்குப் பிறகு பேரரசு அழிந்தே போயிற்று என்று பலர் எண்ணுவர். ஆயின் அரவீட்டு மரபினர் பெனுகொண்டாவிலும், பின் சந்திரகிரியிலும், வேலூரிலும் அமர்ந்து ஆட்சியைத் தொடர்ந்தனர். அவர்களுள் சிறந்தவர் இரண்டாம் வேங்கடபதி ராயர். சற்றேறக்குறைய 28 ஆண்டுகள் ஆண்டு 1614 அக்டோபரில் மறைந்தார். அவருக்கு மனைவியர் பலர் இருந்தனர், மகன் இல்லை. பின்னர் நிகழ்ந்த துயரங்கள் அனைத்துக்கும் வேர் அந்த ஒரு குறையே.

பாயம்மா அவ்வரசியருள் ஒருத்தி. ஓபயம்மா என்றும் அவள் பெயர் வழங்கும். அரவீட்டுக் குடியில் பிறந்தவள் அல்லள். கோப்பூரி என்னும் சிற்றரசர் குடியினள். அவளை ஜக்கராயனின் மகள் என்கிறது ஒரு போர்த்துக்கீசியக் கடிதம். பின்வந்த ஆய்வாளர்களோ அவளை அவனுடைய உடன்பிறந்தாள் என்பர். மகளா, தங்கையா என்பதிலேயே கருத்து வேறுபடும் அளவுக்குத்தான் வரலாறு அவளைக் கவனித்திருக்கிறது. ஜக்கராயனின் படைபலமும் வருவாயும் அக்கடிதத்தில் எண்ணிக்கையாகவே பதிவாகியுள்ளன.

அக்கடிதத்தை எழுதியவர் மானுவல் பர்ராதாஸ் என்னும் இயேசு சபைத் துறவி. கொச்சியிலிருந்து 1616 டிசம்பர் 12இல் எழுதினார். இராபர்ட் சீவெல் 1900இல் வெளியிட்ட விசயநகர வரலாற்று நூலில் அதை ஆங்கிலத்தில் தந்தார். பாயம்மாவைப் பற்றி இன்று அறியக் கிடைப்பவற்றுள் பெரும்பகுதி அதிலிருந்து வந்ததே.

கடிதம் சொல்லும் செய்தி இது. பிள்ளையில்லாத பாயம்மா தான் கருவுற்றிருப்பதாக நடித்தாள். அவளோடு நெருங்கிப் பழகிய பிராமணப் பெண் ஒருத்தி அப்போது உண்மையாகவே கருவுற்றிருந்தாள். பிறப்பது ஆண் குழந்தையாயின் அதை அரசிக்குத் தந்துவிடுவது என்று இருவரும் பேசி முடித்தனர். ஆண் குழந்தையே பிறந்தது, தொட்டில் மாறியது. அரசர் உண்மையை அறிந்திருந்தும் அரசியின்பால் கொண்ட அன்பினால் வாய் திறக்கவில்லை. ஆயினும் அச்சிறுவனை ஒருபோதும் மகனாக மதிக்கவில்லை. சந்திரகிரி அரண்மனையிலேயே அடைத்து வைத்தார். அரசியின் துணையின்றி வெளியே செல்ல விட்டதில்லை.

இங்கே சற்று நிற்க வேண்டும். அரசர் அன்றே மறுத்திருந்தால் ஜக்கராயனின் கையில் ஒரு வாரிசு இருந்திருக்காது. அவர் மௌனம் காத்தார். அந்த மௌனம் பதினான்கு ஆண்டுகளுக்கும் மேல் நீடித்தது. பின்வந்த வரலாற்று நூல்களோ பழியை முழுவதும் பாயம்மாவின் மேலேயே சுமத்தின. அவள் செய்தது வஞ்சம், அதில் ஐயமில்லை. ஆனால் ஆண்மகவைப் பெற்ற அரசிக்கே அந்தப்புரத்தில் நாளையப் பொழுது உறுதியாக இருந்தது. பெறாதவளுக்கு அரசரின் உயிர் உள்ளவரையே வாழ்வு. இந்நிலையை அமைத்தவர் யார் என்றும் கேட்டால்தான் வழக்கு முழுமை பெறும்.

இறுதி நெருங்கியபோது வேங்கடபதி ராயர் அச்சிறுவனை விடுத்துத் தம் தமையன் மகன் ஸ்ரீரங்கனை வாரிசாக அறிவித்தார். மூன்று நாட்களில் உயிர் நீத்தார். அவர் உடலுக்கு எரியூட்டியபோது மூன்று அரசியர் உடன் தீப்பாய்ந்தனர். ஒருத்தி அரசரின் வயதையொத்தவள். மற்ற இருவரும் முப்பத்தைந்து வயதினர். அணிந்திருந்த நகைகளை உறவினருக்கும் பிராமணருக்கும் பகிர்ந்தளித்து, கூடி நின்ற மக்களை நோக்கியும் வீசிவிட்டுத் தீயில் இறங்கினர் என்கிறது கடிதம். வயதைச் சொல்கிறது, பெயரைச் சொல்லவில்லை.

பூதப்பாண்டியன் தேவி தீப்புகும் முன் பாடிய பாட்டு புறநானூற்றில் இருக்கிறது. தன் முடிவின் காரணத்தைத் தன் வாயாலேயே சொல்லும் உரிமை அவளுக்குக் கிட்டியது. வேலூரில் தீப்பாய்ந்த மூவருக்கும் அந்த வாய்ப்பும் இல்லை.

அதன்பின் வந்தது ஆண்களின் போர். ஜக்கராயன் வேறு இரு தலைவர்களோடு சேர்ந்து ஸ்ரீரங்கனைக் குடும்பத்தோடு சிறையிட்டான். பாயம்மாவின் மகன் என்று வளர்ந்த பிள்ளையை அரசனாக அறிவித்தான். எதிர்த்து நின்றவர் வேலுகோட்டி யாசம நாயக்கர். அரண்மனைத் துணி வெளுக்கும் ஒருவரின் உதவியால், ஸ்ரீரங்கனின் பிள்ளைகளுள் பன்னிரண்டு வயதுச் சிறுவன் இராமனை அழுக்குத் துணி மூட்டைக்குள் வைத்து வெளியே கொண்டுவந்தார். பிடிபட்டிருந்தால் அந்தச் சலவைத் தொழிலாளியின் தலை தப்பியிராது. ஓர் அரச மரபைத் தோளில் சுமந்து காத்த அவர் பெயரும் ஏட்டில் இல்லை.

உள்ளே எஞ்சியவர்களுக்கு மீட்சி கிட்டவில்லை. சாவைத் தவிர வேறு வழியில்லை என்ற நிலை வந்தபோது ஸ்ரீரங்கன் தன் மனைவியையும் மக்களையும் தன் கையாலேயே வெட்டித் தானும் வாளுக்கு இரையானான். வாரிசுரிமை எனும் ஒற்றைச் சொல்லுக்காக ஒரு குடும்பம் ஓர் அறைக்குள்ளேயே முடிந்தது.

போர் தெற்கே பரவியது. இராமனின் பக்கம் தஞ்சை இரகுநாத நாயக்கர் நின்றார். ஜக்கராயன் பக்கம் மதுரை முத்து வீரப்ப நாயக்கரும் செஞ்சி நாயக்கரும் நின்றனர். கல்லணைக்கு அண்மையில் தோப்பூரில் நடந்த பெரும்போரில் ஜக்கராயன் வீழ்ந்தான். 1617இல் இராமதேவ ராயர் முடிசூடினார். ஜக்கராயனின் தம்பி எதிராசன் சில ஆண்டுகள் போராடிய பின் சமாதானத்துக்கு இசைந்தான். சமாதானத்தின் அடையாளமாக அவன் மகளை இராமதேவர் மணந்தார். பாயம்மாவின் குடியில் பிறந்த மற்றொரு பெண் மீண்டும் அரச அந்தப்புரத்துக்குள் அனுப்பப்பட்டாள். போரைத் தொடங்கியவர்களும் முடித்தவர்களும் பயன்படுத்திய கருவி ஒன்றுதான்.

உள்நாட்டுப் போரில் பேரரசு தன் வலிமையை இழந்தது. பழவேற்காட்டில் டச்சுக்காரர் 1613இலேயே கெல்டிரியாக் கோட்டையை எழுப்பியிருந்தனர். 1639இல் ஆங்கிலேயர் சென்னையில் நிலம் பெற்றனர். அவர்களைத் தடுத்து நிறுத்தும் ஆற்றல் வேலூர் அரசுக்கு அப்போது இல்லை.

கவிஞர்கள் நினைவில் கொள்ளத்தக்க செய்தி இன்னொன்று உண்டு. இப்போரின் வெற்றியைப் பாடியவர்களுள் ஒருவர் பெண். தஞ்சை அவையில் வாழ்ந்த இராமபத்ராம்பா வடமொழியில் இயற்றிய இரகுநாதாப்யுதயம் அவ்வெற்றியைப் போற்றுகிறது. அது வென்றவரைப் பாடும் காவியம். அவையில் வாழ்ந்த புலவருக்கு அது கடமை. அரண்மனையில் கல்வியும் கவிதையும் கைவரப்பெற்ற ஒரு பெண் இருந்தாள். அதே காலத்தில் இன்னோர் அரண்மனையில் பிள்ளையில்லா ஒருத்தி வெறுந்தொட்டிலைப் பார்த்திருந்தாள். முன்னவளின் காவியத்தில் பின்னவளின் துயருக்கு இடம் நேரவில்லை.

அவையின் ஆணை எதுவும் இன்றைய கவிஞருக்கு இல்லை. வெற்றியைப் பாடினால்தான் பரிசில் என்ற நிலையும் இல்லை. எனவே எழுதப்படாத பாட்டு ஒன்று அவர்களுக்காகக் காத்திருக்கிறது. அது பாயம்மாவைக் குற்றமற்றவளாக்க வேண்டியதில்லை. குழந்தையைக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு வீடு திரும்பிய அந்தத் தாயையும் அது காண வேண்டும். அரசனாக அறிவிக்கப்பட்ட நாளில் தன்னைப் பெற்றவள் யாரென்றே சொல்ல முடியாத அச்சிறுவனையும், மூட்டையைத் தோளில் ஏற்றிக் காவலர் நடுவே நடந்த அந்தத் தொழிலாளியையும் காண வேண்டும். அக்கதை தெலுங்குப் பெயர்களோடு தமிழ் மண்ணில் நடந்தது. இரு மொழியும் அறிந்த இவ்வட்டாரக் கவிஞர்களை விட அதைப் பாட உரியவர் வேறு எவர்?

பத்து ஆண்டுகளாகத் தமிழ்ப்பணி ஆற்றிவரும் இலக்கிய வட்டம் மேன்மேலும் வளர்க.