மண்ணும் வண்ணமும்

(நவராத்திரி விழாக் கலை மாலையில் ஆற்றப்பெற்ற உரை)



அம்பிகையின் சந்நிதி முன்பாகக் கொலு வீற்றிருக்கிறது. மாலைதோறும் அதன் முன் நிற்கும் பிள்ளைகள், "இவர் யார்?" என்று கேட்கிறார்கள். "இவர் நரசிம்மர், இவர் ஆண்டாள், இவர் செட்டியார்" என்று பெரியவர்கள் சொல்லிக்கொடுக்கிறார்கள். "இதைச் செய்தவர் யார்?" என்று கேட்கும் பிள்ளையைக் காண்பது அரிது. அவ்வாறு ஒரு பிள்ளை கேட்டுவிட்டால் விடை சொல்லக்கூடிய பெரியவரைக் காண்பது அதைவிட அரிது. இன்றைய உரை அந்தக் கேள்வியைப் பற்றியதாகும்.

கொலுப் பொம்மைகளிற் பல தமிழகத்தின் பண்ணுருட்டி, காஞ்சிபுரம், மதுரைக்கு அருகிலுள்ள விளாச்சேரி ஆகிய ஊர்களிலிருந்து வருகின்றன. அங்கே களிமண்ணைக் குழைத்து, முன்பாதி ஓர் அச்சிலும் பின்பாதி ஓர் அச்சிலுமாக அழுத்தி எடுத்து, இரண்டையும் சேர்த்து ஒட்டி, நிழலில் உலர்த்திப் பின் சூளையில் இடுகிறார்கள். சுட்டு ஆறியபின் வெள்ளை பூசி, அதன்மேல் வண்ணம் தீட்டுகிறார்கள். கண்ணைப் பெரும்பாலும் கடைசியாகத்தான் எழுதுவார்கள். ஒரே வீட்டில் ஒருவர் மண் குழைப்பார், மற்றொருவர் தூரிகை பிடிப்பார். ஓவியம் வேறு, மட்பாண்டம் வேறு என்று பிரித்துப் பார்ப்பது கலைப் பள்ளிகள் வந்தபின் ஏற்பட்ட பழக்கமே. கொலுப்படியில் அந்தப் பிரிவு இல்லை.

நம் சமயமும் மண் வேலை செய்தவரை மறக்கவில்லை. அறுபத்து மூவருள் ஒருவரான திருநீலகண்ட நாயனார் தில்லையில் வாழ்ந்த குயவர். சிவனடியார்களுக்குத் திருவோடு வனைந்து கொடுப்பதே அவர் மேற்கொண்ட தொண்டு. சிவயோகியாக வந்த இறைவன் ஓர் ஓட்டை அவரிடம் ஒப்படைத்துவிட்டுச் சென்று, அதனை மறையச் செய்து, திரும்பி வந்து அதையே கேட்ட வரலாற்றைப் பெரியபுராணம் கூறுகிறது. வேறு நல்ல ஓடு தருவதாக நாயனார் இறைஞ்சியும் யோகியார் ஏற்கவில்லை. அவ்வரலாற்றின் சமயப் பொருளைச் சொற்பொழிவாளர்கள் விரித்துரைப்பார்கள். இங்கே ஒரு சிறு குறிப்பு மட்டும் போதும். ஓர் ஓட்டுக்கு மற்றோர் ஓடு முழுதும் ஈடாகாது என்பது சக்கரத்தில் கை வைத்தவருக்கு நன்றாகவே தெரியும். சபையில் மற்றவர்களுக்குத்தான் அது வியப்பாக இருந்திருக்கும்.

இனி, நாம் வாழும் இந்த நாட்டுக்கு வருவோம். சிங்கப்பூருக்கும் மண் கலைக்கும் என்ன தொடர்பு என்று சிலர் நினைக்கக்கூடும். ஜூரோங் வட்டாரத்தில் ஒரு காலத்தில் நல்ல வெண்களிமண் கிடைத்தது. தென்சீனத்திலிருந்து வந்த குயவர்கள் அங்கே மேட்டுச் சரிவில் நீண்ட சூளைகளைக் கட்டினார்கள். பறவைநாகம் படுத்திருப்பது போலக் கீழே தலையும் மேலே வாலுமாக அமைந்தமையால் அவற்றுக்கு டிராகன் சூளை என்று பெயர். தலைப்பகுதியில் விறகு மூட்டி, இருபுறமும் உள்ள துளைகள் வழியே மேலும் மேலும் விறகு செருகி, 1,200 பாகை செல்சியசுக்கு மேல் சூடேற்றுவார்கள். விறகின் சாம்பல் பறந்து சென்று பாண்டங்களின் மேல் படிந்து, அந்த வெப்பத்தில் உருகிக் கண்ணாடிபோல் ஆகிவிடும். எந்தக் கலத்தில் எந்த நிறம் படியும் என்பதைச் சூளை திறக்கும் நாள் வரையில் குயவரும் உறுதியாகச் சொல்ல முடியாது.

அச்சூளைகளில் அந்நாளில் பெருமளவில் சுடப்பட்ட பொருள் எது? கலைப்பொருள் எதுவுமன்று. ரப்பர் தோட்டங்களுக்கான பால் மங்குகளே!

மலாயாத் தோட்டங்களில் பால் மரம் வெட்டிய தமிழர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இச்சபையில் இருப்பார்கள். விடியுமுன் எழுந்து, மரத்தைச் சீவி, கம்பியில் மாட்டிய மங்கைத் துடைத்து வைத்து, பின்னர்ப் பாலை வாளியில் சேர்த்த கைகள் நம் முன்னோருடையவை. அந்த மங்கின் வழவழப்பு அவர்களுக்குத் தெரியும். அந்த வழவழப்புக்குக் காரணமான மெருகை ஊற்றிய கை சீனக் குயவருடையது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்ததில்லை. மங்கு ஒன்று அவர்களுக்கு நடுவே இருந்தது. பின்னாளில் பிளாஸ்டிக் மங்கு வந்தது, தோட்டங்களும் குறைந்தன. சூளைகள் பூந்தொட்டிக்கு மாறின. பின்பு ஒவ்வொன்றாக மறைந்தன. இன்று ஜாலான் பஹார் அருகே 1940 இல் கட்டப்பட்ட தாவ் குவாங் சூளையும், 1958 இல் எழுந்த குவான் ஹுவாட் சூளையும் மட்டுமே எஞ்சியுள்ளன. அவற்றில் இப்போது சுடப்படுபவற்றுள் இளங்கலைஞர்களின் படைப்புகளும் உள்ளன. அந்த மேட்டிற்கு ஒருமுறை பிள்ளைகளை அழைத்துச் செல்லுங்கள். கடைத்தொகுதிகளுக்குச் செல்லும் நேரத்தில் பாதி போதும்.

வளரும் கலைஞர் ஒருவர் எவ்வாறு வளர்கிறார் என்பதற்கு இந்நாட்டிலேயே இரு சான்றுகள் உள்ளன. முதலாமவர் இங் எங் டெங். 1934 இல் இங்கே பிறந்தவர். நன்யாங் நுண்கலைக் கழகத்தில் புகழ்பெற்ற ஓவியர் ஜார்ஜெட் சென்னிடம் ஓவியம் பயின்று 1961 இல் படிப்பை முடித்தார். ஓவியராகவே நின்றிருக்கலாம். மண் அவரை இழுத்தது. 1962 இல் இங்கிலாந்தில் மட்பாண்டத் தொழிலுக்குப் பேர்பெற்ற ஸ்டோக் ஆன் டிரென்ட் நகருக்குச் சென்று பாண்ட வடிவமைப்புப் பயின்றார். பின் அயர்லாந்தில் ஒரு பாண்டத் தொழிலகத்தில் வேலை பார்த்துவிட்டு 1966 இல் நாடு திரும்பினார். அவருடைய முதல் தனிக் கண்காட்சி 1970 இல்தான் நடைபெற்றது. அப்போது அவருக்கு வயது 36.

இந்தக் கணக்கைப் பெற்றோர் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். படிப்பு முடிந்து தம் பெயரில் ஒரு கண்காட்சி நடத்த ஒன்பது ஆண்டுகள்! நம் வீடுகளில் ஒரு பிள்ளை படம் வரையப் போகிறேன் என்று சொன்னால், ஒன்பது மாதம்கூடப் பொறுப்பதில்லை. "இதில் என்ன வருமானம்?" என்ற கேள்வி இரண்டாம் வாரமே வந்துவிடுகிறது. கேள்வி தவறானதன்று. வாடகையும் அரிசியும் எல்லார்க்கும் உண்டு. ஆயினும் கேட்கும் வேகம் சற்றுக் குறையலாம்.

இங் எங் டெங் மண்ணோடும் நின்றுவிடவில்லை. சுட்ட மண்ணில் ஓரளவுக்கு மேல் பெரிய உருவம் செய்தல் கடினம். ஆகவே சிமெண்டு வகையொன்றைக் கையாண்டு பேருருவங்களை அமைத்தார். பிளாசா சிங்கப்பூரா வாயிலில் 1974 இல் நின்ற 'செல்வம்', 'மனநிறைவு' என்னும் இரு சிற்பங்களைப் பார்த்தவர்கள் இங்கு இருக்கலாம். அவை பின்னர்ச் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழக வளாகத்துக்கு இடம்பெயர்ந்தன. 1981 இல் கலாசாரப் பதக்கம் பெற்றார். 1997 முதல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட தம் படைப்புகளை அப்பல்கலைக்கழகத்துக்கே கொடையாக வழங்கினார். சிறு குவளைகள், முயற்சி உருவங்கள், ஓவியங்கள் எல்லாம் அக்கொடையில் அடங்கும். முழுமை பெற்ற படைப்பை மட்டும் காட்டிவிட்டு மற்றதை ஒளித்து வைக்கும் வழக்கம் அவரிடம் இல்லை போலும். 2001 இல் மறைந்தார். இன்று கலை பயிலும் மாணவர் ஒருவர் அங்கே சென்று, ஒரு கலைஞரின் கை தொடக்கத்தில் எப்படி இருந்தது, பின் எப்படி மாறியது என்பதைக் கண்ணால் காண முடிகிறது.

மற்றொருவர் குயவர் இஸ்கந்தர் ஜலீல். 1940 இல் பிறந்த இவர் கணிதமும் அறிவியலும் கற்பித்த ஆசிரியர். கொழும்புத் திட்ட உதவியுடன் 1972 இல் ஜப்பானின் தாஜிமி நகருக்குச் சென்று பாண்டத் தொழில்நுட்பம் கற்றார். மரக்குச்சியைக் கைப்பிடியாகப் பொருத்திய இவருடைய கலங்கள் புகழ்பெற்றவை. சில கலங்களின் மேல் ஜாவி எழுத்துகளும் இருக்கும். 1988 இல் கலாசாரப் பதக்கம் பெற்றார். கண்டிப்புக்குப் பேர்போன ஆசிரியர். சரியில்லாத மாணவர் கலத்தை உடைத்துவிடுவார் என்று சொல்லப்படுவதுண்டு. இதைக் கேட்டுப் பெற்றோர் எவரும் அஞ்ச வேண்டியதில்லை. மண்ணைக் குழைத்து மீண்டும் வனையலாம்.

மீண்டும் வனையலாம் என்பது சூளைக்கு முன்புவரைதான். இங்கே ஒரு வேறுபாட்டை அன்பர்கள் அறிந்துகொள்ள வேண்டும். ஓவியர் இன்று பிடிக்காத நீலத்தின்மேல் நாளை வேறு நீலம் தீட்டலாம். சுட்டபின் மண் எந்தத் திருத்தத்தையும் ஏற்காது. பிசையும்போது காற்றுக் குமிழை வெளியேற்றாவிடில் விரிசல் காணும். நடுவில் நிலைபெறாவிடில் சக்கரத்தில் சரியும். அடிப்பாகம் கனமாகவும் விளிம்பு மெல்லியதாகவும் இருந்தால் உலரும்போதே வெடிக்கும். முழுதும் உலராமல் சூளையில் இட்டால் உள்ளிருக்கும் ஈரம் ஆவியாகிக் கலத்தைச் சிதறடிக்கும், பக்கத்தில் இருப்பதையும் சேர்த்து. மெருகிடும் கலங்களைப் பெரும்பாலும் இருமுறை சுடுகிறார்கள். முதலில் ஏறத்தாழ 1,000 பாகை, பின்னர் மெருகு ஊற்றி அதனினும் மிகுதி. தாமிர உயிரகை கலந்த மெருகு, காற்றோட்டமுள்ள சூளையில் பச்சையாகும். அதே மெருகு காற்றுக் குறைந்த சூளையில் சிவப்பாகும். ஈரமாக இருந்தபோது செய்த அளவும் நிலைப்பதில்லை. சுட்டெடுக்கும்போது பத்தில் ஒரு பங்கு அளவுக்குச் சுருங்கிவிடும்.

இத்தனையும் கடந்து வந்த ஒரு குவளையை எடுத்துப் பார்த்துவிட்டு, "இந்த விலைக்குக் கடையில் ஆறு கிடைக்குமே" என்று சொல்வது எளிது. கிடைக்கும் என்பதும் உண்மை. அந்த ஆறும் ஒன்றுபோல் இருக்கும். அர்ச்சனைச் சீட்டுக்குப் பேரம் பேசாத நாம், கலைஞரின் மேசையருகே சென்றதும் காய்கறிச் சந்தையில் நிற்பதுபோல் ஆகிவிடுகிறோம். வாங்கும் வசதி எல்லார்க்கும் இராது. வாங்காவிட்டாலும் குறையில்லை. கேட்கும் கேள்வியாவது கலைஞருக்கு உதவுவதாக இருக்கட்டும். "இது எத்தனையாவது முயற்சி? இந்தப் பச்சை எப்படி வந்தது? எதைப் பார்த்து இந்தக் கோடு வரைந்தீர்கள்?" என்று கேளுங்கள். வளரும் கலைஞர் தம் படைப்பை மண்டபத்தில் கொண்டுவந்து வைப்பது விற்பனைக்காக மட்டுமன்று. தாம் தனியறையில் கண்டது பிறர் கண்ணிலும் படுகிறதா என்று அறிவதற்காகவுமாம். பாட்டியின் கோலத்தையோ, தேரின் வடத்தையோ, ஈரச்சந்தையில் குவிந்த மீனையோ பார்த்து எழுந்த கோடு அது என்பது கேட்டால்தான் தெரியவரும்.

பாராட்டு மட்டும் போதாது என்பதால், ஆலய நிர்வாகக் குழுவின் கவனத்திற்கு இரண்டு வேண்டுகோள்கள் வைக்கப்படுகின்றன. அடுத்த நவராத்திரிக் கொலுவில் ஒரு படி, ஒரே ஒரு படி, இந்நாட்டு இளங்கலைஞர்கள் கையால் வனைந்து வண்ணமிட்ட பொம்மைகளுக்கென ஒதுக்கப்படலாம். ரப்பர் தோட்டம், பால் மங்கு, துறைமுகத் தொழிலாளர், ஈரச்சந்தை எனக் கொலுவில் இதுவரை இடம்பெறாத நம் வரலாறு அப்படியில் அமரட்டும். பொம்மையின் அருகில் அதைச் செய்தவர் பெயர் ஒரு சிறு அட்டையில் எழுதப்படட்டும். பிள்ளை கேட்டால் விடை இருக்கும்.

இரண்டாவது, பொங்கல் பானை. எல்லைக்கு அப்பால் மலேசியாவின் கோலசிலாங்கூர் வட்டாரத்துக் கம்போங் குவாந்தானில் தமிழ்க் குயவர்கள் இன்றும் பானையும் அகல் விளக்கும் வனைந்து வருகிறார்கள். ஆலயத்தின் தேவைக்கு அவர்களிடம் கேட்டுப் பெறலாம். கார்த்திகைத் தீபத்திற்கு அகல்களும் அவ்வாறே. மெழுகு ஊற்றிய தகரக் கிண்ணம் சிக்கனமானது என்பதை மறுப்பதற்கில்லை. கணக்காளர் நண்பர்கள் வேறுபாட்டைக் கணக்கிட்டுச் சொல்லட்டும். உபயதாரர் ஒருவர் அதனை ஏற்க முன்வரக்கூடும்.

ஒரு நடைமுறைச் செய்தி. நம் நாட்டுக் காற்றில் ஈரம் மிகுதி. அடர்த்தியான மண் உருவம் ஒன்று உள்ளும் புறமும் உலர வாரக்கணக்கில் ஆகும். மழை பிடித்தால் இன்னும் தாமதமாகும். உலர்ந்தபின் சுடவேண்டும், ஆறவேண்டும், வண்ணம் தீட்டவேண்டும். சூளையில் உடைபவற்றுக்கு மாற்றும் செய்தாக வேண்டும். எனவே புரட்டாசியில் கொலு வைப்பதற்கு ஆவணியில் சொன்னால் காலம் போதாது. ஆடி பிறக்கும் முன்பே இளையோரை அழைத்து, எத்தனை பொம்மை, என்ன உயரம் என்று பேசி, மண் வாங்க முன்பணமும் கொடுத்துவிட வேண்டும்.