சுமந்தது காற்று, ஏற்றியது யார்?



"வடசென்னைக் கரையைத் தின்றது காற்றா, மனிதனா?" இதுதான் கேள்வி. எதிரணித் தோழர் காற்றைக் கூண்டில் ஏற்றிவிட்டார். நான் காற்றுக்கு வக்கீல். பீஸ் வேண்டாம், மேலே இந்த ஃபேன் சுத்தினாப் போதும்! (சிரிப்பு)

கரிகாலனின் முன்னோன் காற்றை வேலை வாங்கிக் கப்பல் ஓட்டினான் என்று புறநானூற்றிலே வெண்ணிக்குயத்தியார் பாடுகிறார். அப்படின்னா காற்று யார்? சுமை தூக்கும் ஏவலாள்!

எப்படிச் சுமக்கிறது? காற்று நீரை உரசுகிறது, அலை எழுகிறது. அலை கரையில் சாய்வாக வந்து உடைகிறது. அந்தக் கொந்தளிப்பில் மணல் கிளம்புகிறது. அதைக் கரையோர நீரோட்டம் கொண்டு போகிறது. தென்மேற்குப் பருவத்தில் வடக்கே. வடகிழக்குப் பருவத்தில் தெற்கே. தெற்கிருந்து வந்தால் தெண்டி, வடக்கிருந்து வந்தால் வன்னி என்பார்கள் மீனவர்கள். வருஷக் கணக்கில் வடக்கே போவதுதான் அதிகம்.

1870களில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல்சுவர் எழுந்தது. 1881 புயல் அதை உடைத்தது, மறுபடியும் கட்டினார்கள். வடக்கே போன மணல் சுவரில் முட்டி நின்றது. தெற்கே மெரினா அகலமாச்சு; வடக்கே ராயபுரம் பட்டினி கிடந்தது. நாம் உட்கார்ந்து சுண்டல் தின்கிறோமே, அது ராயபுரத்துக்குப் போக வேண்டிய மணல் ஐயா! (கைதட்டல்)

திருவொற்றியூரில் ஒரு பெரியவர் கடலைக் காட்டினார். "அதோ படகு ஆடுது பாரு சார், அங்கதான் நான் பொறந்த வூடு இருந்திச்சு." கடல் மேல் கோபம் இல்லையா என்றேன். "கடலம்மா மேல இன்னா சார் கோவம்? எடுத்துக்கினு போனத திருப்பிக் குடுப்பா. நடுவுல வேற யாரோ நின்னுக்கினாங்க."

அரிப்பைத் தடுக்கக் கல் கொட்டினோம். கொட்டிய இடம் தப்பியது. அரிப்பு இன்னும் வடக்கே நகர்ந்தது.

2017 ஜனவரி 28. எண்ணூர் அருகே இரண்டு கப்பல்கள் மோதின, எண்ணெய் கொட்டியது. இந்த முறை சுமை தெற்கே வந்தது. திருவொற்றியூர் தாண்டி மெரினா வரை கரையெல்லாம் கறுப்பு! அந்த எண்ணெய் காற்றின் சொத்தா? ஏற்றியது நாம், சுமந்தது அது.

விசாகப்பட்டினத்தில், துறைமுகம் மறித்த மணலைத் தூர்வாரிக் கரைக்குத் திருப்பித் தருகிறார்கள். அதுதான் நியாயம். நடுவர் அவர்களே, கூலியாளை விடுதலை செய்யுங்கள். வழியை மறித்தவனிடம் மணலைத் திருப்பிக் கேளுங்கள்! (பலத்த கைதட்டல்)