மாப்பிள்ளை போனில் வேறு தேர்தல்

ராஜபாளையத்துக்காரர் ஒருவரிடம் ‘அய்யனார் கோவிலுக்குப் போயிட்டு வந்தேன்’ என்று சொல்லிப் பாருங்கள். சாமி கும்பிட்டீர்களா என்று கேட்க மாட்டார். ‘ஆத்துல தண்ணி வருதா?’ என்பார். ஊருக்கு மேற்கே, மலையடிவாரத்தில் இருக்கிறவர் நீர்காத்த அய்யனார். அந்த மலைத் தண்ணீர் ஆறாவது மைல் நீர்த்தேக்கத்தில் சேர்ந்துதான் ஊருக்குக் குடிதண்ணீராக வருகிறது. கேட்கிறவர் தன் வீட்டுக் குழாயை நினைத்துக் கேட்கிறார்.

2024 மக்களவைத் தேர்தல் சூடு பிடித்திருந்த நேரம். ஒரு சனிக்கிழமை, புளிச்சோறு கட்டிக்கொண்டு குடும்பத்தோடு அங்கே போயிருந்தோம். கோடை. ஆற்றில் தண்ணீர் பேருக்குத்தான் ஓடிக்கொண்டிருந்தது. பிள்ளைகள் கணுக்கால் அளவு தண்ணீரில் குதித்துக்கொண்டிருக்க, நானும் என் மனைவியின் தம்பியும் ஒரு பாறையில் உட்கார்ந்தோம்.

‘உங்க ஆளு நேத்துப் பேசினதைப் பாத்தீங்களா அத்தான்? ஊரே காறித் துப்புது’ என்றார்.

நான் பார்க்கவில்லை. ஊர் துப்பியதும் எனக்குத் தெரியாது. ‘அது கிடக்கட்டும் மாப்ளே, உங்க ஆளு கூட்டத்துல நாற்காலியெல்லாம் காலியாக் கிடந்துச்சே, அதைப் பாத்தியா?’ என்று கேட்டேன். அவர் பார்க்கவில்லை. அப்படி ஒன்று நடந்ததாகவே அவர் ஒப்புக்கொள்ளவும் இல்லை. காட்டி நிரூபிக்கலாம் என்று போனை எடுத்தால், அந்தப் பாறையில் இரண்டு பேருக்குமே சிக்னல் கிடையாது.

இருவரும் இருப்பது ஒரே தெரு. இரண்டு பேருக்கும் ஒரே வாக்குச்சாவடி. விருதுநகர் மாவட்டத்தில் குடியிருந்துகொண்டு தென்காசி தொகுதிக்கு எம்.பி.யைத் தேர்ந்தெடுக்கிற விசித்திரமும் எங்களுக்குப் பொதுவானது. ஆனால் அவர் பார்த்துக்கொண்டிருந்த தேர்தல் வேறு, நான் பார்த்துக்கொண்டிருந்த தேர்தல் வேறு.

முன்பும் நாங்கள் சண்டை போட்டிருக்கிறோம். எங்கள் அப்பாக்கள் இன்னும் பலமாகவே போட்டிருக்கிறார்கள். அப்போது சண்டைக்கான சரக்கு தெருவில் கிடந்தது. சுண்ணாம்பு அடித்த சுவரில் ஒரு கட்சி எழுதும். எதிர்ச்சுவரில் மற்றக் கட்சி பதில் எழுதும். பால் வாங்கப் போகிறவர் இரண்டையும் படித்துவிட்டுத்தான் வீடு திரும்புவார். மைதானத்தில் பேசினால் ஒலிபெருக்கி ஆதரவாளன் காதுக்கு மட்டும் என்று பார்த்துப் பேசாது. மேடைக்குப் பக்கத்தில் நோட்டுப் புத்தகத்தோடு ஒரு மஃப்டி போலீஸ்காரரும் நிற்பார். அந்தக் காலத்து வாக்காளர் லேசுப்பட்டவர் இல்லை. 1949-இல் சென்னை மாகாண முதலமைச்சரான பூ.ச. குமாரசாமி ராஜா ராஜபாளையத்துக்காரர். 1952 தேர்தலில் ஸ்ரீவில்லிபுத்தூர் தொகுதியில் அவரே தோற்றுப்போனார். ஆளும் முதலமைச்சரையே எடைபோட்ட மக்கள் எல்லாக் கட்சிக்காரர் பேச்சையும் ஒரே தெருவில் நின்று கேட்டவர்கள்.

வானொலிக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. நான் வானொலியில் பேசுவதால் சொல்வதாக நினைக்க வேண்டாம். 1977 முதல் அங்கீகரிக்கப்பட்ட கட்சிகளுக்கு வானொலியில் தேர்தல் உரைக்கு இலவசமாக நேரம் ஒதுக்குகிறார்கள். யார் எப்போது பேசுவது என்பது குலுக்கலில் முடிவாகும். நமக்குப் பிடிக்காத கட்சிக்காரரின் பேச்சும் டீக்கடையில் நம் காதில் விழும். எழுந்து போகலாம், ஆனால் விழுந்தது விழுந்ததுதான்.

போனில் நடப்பது என்ன? ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோவில் பக்கம் பால்கோவா கடைக்குப் போயிருப்பீர்கள். கடைக்காரர் துளி எடுத்து உள்ளங்கையில் வைப்பார், முகத்தைப் பார்ப்பார். கண் விரிந்தால் கால் கிலோ கட்டிவிடுவார். அல்காரிதம் என்று சொல்கிறோமே, அது செய்வதும் இதைத்தான். எந்த வீடியோவில் விரல் நின்றது, எதைக் கடைசிவரை பார்த்தீர்கள், எதற்குக் கமெண்ட் போட்டீர்கள், எதை அடுத்தவருக்கு அனுப்பினீர்கள் என்று கணக்கு வைத்து, அதே வகையில் அடுத்த துளியை நீட்டும். அதற்குக் கட்சி கிடையாது, கொள்கை கிடையாது. நீங்கள் கடையை விட்டுப் போகக்கூடாது, அவ்வளவுதான். ஒரு வித்தியாசம் உண்டு. பால்கோவா நாலு வாய்க்கு மேல் திகட்டிவிடும். கோபம் திகட்டுவதில்லை.

இதை ஃபேஸ்புக் நிறுவனமே அறிந்திருந்தது. 2021-இல் பிரான்சிஸ் ஹாகன் என்ற முன்னாள் ஊழியர் ஃபேஸ்புக்கின் உள் ஆவணங்களை வெளியே கொண்டுவந்தார். 2017-இல், எந்தப் பதிவை மேலே காட்டுவது என்று முடிவுசெய்ய, ஒரு லைக்குக்கு ஒரு மதிப்பெண் என்றால், கோப முகம் உள்ளிட்ட உணர்ச்சி முகங்களுக்கு ஐந்து என்று வைத்திருந்தார்கள். கோப முகத்தின் மதிப்பைச் சுழியாக்கியது 2020-இல்தான். போலந்து நாட்டு விவரம் எனக்கு இன்னும் முக்கியமாகப்பட்டது. 2018-இல் ஃபேஸ்புக் பதிவுகளை வரிசைப்படுத்தும் தன் கணக்கு முறையை மாற்றியது. அதற்குப் பிறகு, பாதிக்குப் பாதியாக இருந்த தங்கள் எதிர்மறைப் பதிவுகளை 80 சதவீதமாக்க வேண்டிவந்தது என்று அங்கே ஒரு கட்சியின் சமூக ஊடகக் குழுவினர் சொன்னதாக அந்த ஆவணங்களில் இருக்கிறது. அதாவது இயந்திரம் வாக்காளரை மட்டும் மாற்றவில்லை. கட்சிக்காரரின் வாயையும் மாற்றியது. நல்லது சொன்னால் யாருக்கும் போய்ச் சேரவில்லை, திட்டினால் சேர்ந்தது.

இந்தியாவிலும் ஒரு சோதனை நடந்தது. 2019 பிப்ரவரியில் ஃபேஸ்புக் நிறுவனத்தின் ஆய்வாளர் ஒருவர் இங்குள்ள சாதாரணப் பயனர் ஒருவர்போலப் புதுக் கணக்கு தொடங்கினார். ஒரே ஒரு விதி: இயந்திரம் எதைப் பார்க்கச் சொல்கிறதோ அதைப் பார்ப்பது, எந்தக் குழுவில் சேரச் சொல்கிறதோ அதில் சேர்வது. இடையில் புல்வாமா தாக்குதல் நடந்தது. கணக்கு தொடங்கி மூன்றே வாரம். தன் ஆயுளில் பார்த்ததைவிட அதிகமான பிணப் படங்களை அந்த மூன்று வாரத்தில் பார்த்துவிட்டதாக அவர் எழுதினார். மக்களவைத் தேர்தலுக்கு அப்போது இரண்டு மாதம்கூட இல்லை.

அதே தேர்தலில் நம் பக்கம் நடந்ததையும் சொல்ல வேண்டும். 2019 ஏப்ரல் 18 தமிழ்நாட்டில் வாக்குப்பதிவு. அதையொட்டி, ஒரு சமூகத்தை இழிவாகப் பேசும் ஆடியோ ஒன்று புதுக்கோட்டை மாவட்டம் பொன்னமராவதி வட்டாரத்தில் வாட்ஸ்அப்பில் பரவியது. மறுநாள் ஊர் கொந்தளித்து, கல்வீச்சு, தடியடி, 144 தடை உத்தரவு. வாட்ஸ்அப்பில் எதை மேலே காட்டுவது என்று முடிவுசெய்யும் இயந்திரம் கிடையாது. ‘நம்மாளுங்களுக்கு அனுப்பு’ என்று அனுப்பியது மனித விரல்தான். அதற்கு முந்தைய ஆண்டே, பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருப்பதாகப் பரவிய வதந்தியால் கொலைகள் நடந்து, வந்த செய்தியை ஒரு தடவையில் ஐந்து சாட்டுகளுக்கு மேல் அனுப்ப முடியாது என்று இந்தியாவில் கட்டுப்பாடு வந்திருந்தது. அந்தக் கொலைகளில் ஒன்று திருவண்ணாமலை மாவட்டம் அத்திமூரில். செத்தவர், குலதெய்வக் கோவிலுக்கு வழி தேடிப்போன குடும்பத்தில் ஒரு மூதாட்டி. பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்தது அவர் செய்த குற்றம். அய்யனார் கோவிலுக்குப் போகும் வழியில், தெரியாத ஊர்ப் பிள்ளை சிரித்தால் இன்றும் எனக்கு அந்த அம்மாள் நினைவு வரும்.

ஆகவே பழியெல்லாம் இயந்திரத்துக்கே என்று எழுதிக்கொடுக்க எனக்கு மனமில்லை. 1899-இல் சிவகாசியில் கலவரம் வெடித்தபோது யார் கையிலும் போன் இல்லை. ஆராய்ச்சியும் அப்படி எளிதாக விடை சொல்லவில்லை. 2020 அமெரிக்கத் தேர்தலின்போது பல்லாயிரம் பேருக்கு ஃபேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் அல்காரிதத்தின் தேர்வு முறையை எடுத்துவிட்டு, வந்த வரிசையிலேயே பதிவுகளைக் காட்டிப் பார்த்தார்கள். மூன்று மாதம் கழித்தும் அவர்களுடைய அரசியல் மனப்பான்மையில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. 2023-இல் இந்த முடிவு வெளியானது. வருடக்கணக்கில் ஊறியது மூன்று மாதத்தில் வடியுமா என்பது என் சந்தேகம். அது சந்தேகம்தான், ஆராய்ச்சி இல்லை.

பொய்க் குரல், பொய் உருவம் பற்றி இப்போது பெரிய பயம் இருக்கிறது. 2024-இல் செயற்கை நுண்ணறிவின் உபயத்தால் கலைஞரும் ஜெயலலிதாவும் மறுபடி பேசினார்கள். ஆனால் அவை அறிவித்துவிட்டுச் செய்தவை, யாரையும் ஏமாற்றச் செய்தவை இல்லை. என் பயம் உண்மைக் குரலைப் பற்றியது. ஒரு தலைவர் உண்மையாகவே சொன்ன ஒரு வாக்கியம், அவரை வெறுப்பவர் போனுக்கு மட்டும் போகிறது. அவரே சொன்ன இன்னொரு வாக்கியம், அவரைக் கும்பிடுகிறவர் போனுக்கு மட்டும் போகிறது. இரண்டும் பொய்யில்லை என்பதால் எந்த உண்மை கண்டறியும் குழுவும் இதைப் பிடிக்க முடியாது.

தேர்தல் ஆணையம் சும்மா இருக்கவில்லை. வேட்பாளர் தன் சமூக ஊடகக் கணக்குகளைப் பிரமாணப் பத்திரத்தில் காட்ட வேண்டும் என்று 2013-லேயே உத்தரவு வந்தது. விளம்பரத்துக்கு முன்சான்று வாங்க வேண்டும். செலவைக் கணக்கில் காட்ட வேண்டும். மக்களவை வேட்பாளருக்கு உச்சவரம்பு 95 லட்சம். செலவினக் கண்காணிப்புக் குழுவினர் கூட்டத்துக்கு வந்து நாற்காலியை எண்ணுகிறார்கள். டீக்கும் பிரியாணிக்கும் மாவட்ட நிர்வாகம் விலைப்பட்டியலே வைத்திருக்கிறது. ஆனால் யார் பெயரும் இல்லாத ஒரு பக்கத்திலிருந்து ராத்திரி பதினோரு மணிக்கு என் மாப்பிள்ளையின் போனுக்கு வந்து இறங்கும் முப்பது விநாடி வீடியோவுக்குப் பட்டியலில் என்ன விலை? ஒலிபெருக்கிக்கு ராத்திரி பத்து மணியோடு தடை. போனுக்கு அப்போதுதான் பொழுது விடிகிறது.

கோவிலிலிருந்து திரும்பும்போது, வனத்துறைச் சோதனைச்சாவடி தாண்டிக் கொஞ்ச தூரத்தில் சிக்னல் வந்தது. வண்டிக்குள் எல்லாப் போனும் ஒன்றன்பின் ஒன்றாகக் கத்தின. ‘கொடுங்க அத்தான் உங்க போனை, நான் சொன்னதை இப்பக் காட்டுறேன்’ என்று பிடுங்கிக்கொண்டார். அவர் போன் என் கையில். அதில் நான் தலைகீழாக நின்றும் காலி நாற்காலி வீடியோ கிடைக்கவில்லை. அவரோ என் போனில் தன் தலைவர் பெயரைப் போட்டு, ஒன்று பார்த்து, அது முடிந்ததும் அடுத்தது பார்த்து, ஊர் வந்துசேரும்வரை ரசித்துக்கொண்டே வந்தார். வீட்டு வாசலில்தான் போன்களை மாற்றிக்கொண்டோம்.

மறுநாள் காலை எழுந்ததும் வழக்கம்போலத் திறந்தேன். மாப்பிள்ளையின் தலைவர் கை கூப்பி எனக்கு வணக்கம் சொன்னார். கீழே தள்ளினேன், அங்கேயும் அவரே. போனைக் கொண்டுபோய் மனைவியிடம் காட்டினேன். அவள் பார்த்துவிட்டு, ‘எப்ப இருந்து இந்தக் கட்சி?’ என்றாள்.