முகவரி இல்லாமல் வந்து சேர்ந்த கடிதம்

(கோடம்பாக்கத்தில், பணி ஓய்வு பெற்றோர் ஐக்கியக் கூட்டத்தில் அளிக்கப்பட்ட செய்தி)



கோடம்பாக்கத்துக்காரர்களாகிய உங்களுக்கு டைட்டில் கார்டைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. பெயர் பெரிதாக வந்தால் சந்தோஷம். சிறிதாக வந்தால் வருத்தம். ஆனால் அந்நாட்களில் ஸ்டூடியோவில் விளக்குப் பிடித்தவர்கள், உடை தைத்தவர்கள் பலருடைய பெயர் திரையில் வந்ததே இல்லை. அவர்கள் இல்லாமல் படமும் வந்ததில்லை.

ஓய்வு பெற்ற நமக்கும் இந்த வருத்தம் உண்டு. மாலை போட்டு, கடிகாரம் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். சில மாதம் கழித்துப் பழைய அலுவலகத்துக்குப் போனால், "யாரைப் பார்க்கணும்?" என்று வாசலில் கேட்கிறார்கள். இத்தனை வருஷ உழைப்பு யாருக்காவது நினைவிருக்கிறதா என்று மனம் சோர்ந்துபோகிறது.

வேலூரில் ஊழியம் செய்த டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையாரை நினைத்துப் பாருங்கள். 1900ல் ஒரே ஒரு படுக்கையோடு வைத்தியப் பணியைத் தொடங்கினார். சாலையோர மரத்தடிகளில் ஏழைகளைப் பார்த்தார். 1918ல் பெண்களுக்காக மருத்துவப் பள்ளியை ஆரம்பித்தார். 1946ல் ஓய்வு பெற்று, கொடைக்கானலில் வாழ்ந்து, 1960ல் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்.

அவர் வாழ்நாளில் நடந்ததாகச் சொல்லப்படும் ஒரு சிறு சம்பவம் உண்டு. "டாக்டர் ஐடா, இந்தியா" என்று மட்டும் எழுதப்பட்ட ஒரு கடிதம் தபாலில் வந்தது. தெரு இல்லை, ஊர் இல்லை. கோடிக்கணக்கான ஜனங்கள் உள்ள தேசத்தில் அது தவறாமல் அவர் கைக்கு வந்து சேர்ந்தது! விருது கொடுக்க ஒரு குழு கூடுகிறது. இந்தக் கடிதத்துக்கு எந்தக் குழுவும் கூடவில்லை. தபால் பிரிக்கிற சாதாரண ஊழியர்கள் அவரை அறிந்திருந்தார்கள்; அவ்வளவுதான். மரத்தடியில் நின்று மருந்து கொடுத்தபோது அந்த அம்மையார் இதை எதிர்பார்த்திருப்பாரா?

பத்துக் குஷ்டரோகிகளை ஆண்டவர் சுகமாக்கினார். நன்றி சொல்லத் திரும்பி வந்தவன் ஒருவனே. மற்ற ஒன்பது பேர் வராததால் அவர்கள் பெற்ற சுகம் பொய்யாகிவிடவில்லை. நன்றி என்பது நம் உழைப்புக்குக் கூலியல்ல. அது வந்தால் ஆண்டவர் தரும் ஈவு.

மிஷன் மருத்துவமனைக்குக் காணிக்கை அனுப்புகிறவர்களே, உங்கள் பணத்தால் எழுந்து நடக்கிறவர் உங்களை ஒருநாளும் சந்திக்கப்போவதில்லை. சோர்ந்துபோகாதிருங்கள்.

ஆனால் ஆண்டவர், "மற்ற ஒன்பதுபேர் எங்கே?" என்று கேட்டார் அல்லவா? அந்தக் கேள்வி நமக்கும் உரியது. உங்கள் தெருவிலேயே ஓய்வு பெற்ற நர்ஸ் ஒருவர் இருக்கலாம்; வார்டு ஆயாவாக இருந்தவர் இருக்கலாம். இந்த வாரமே அவர் வீட்டுக்குப் போங்கள். "அம்மா, நீங்கள் பார்த்த பிள்ளை நான், நன்றாயிருக்கிறேன்" என்று சொல்லுங்கள். திரும்பி வந்த அந்த ஒருவனாக நாம் இருப்போம்.

கர்த்தர் தாமே உங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.