தலைப்பாகையும் தாழ்மையும்



அடியும் முடியும் தேடிய இருவரது செருக்கடங்கிய தலம் இத் திருவண்ணாமலை. அண்ணாமலையார் திருமுன் வருவோர் தோள்துண்டை இடையிற் கட்டுவர், தலைப்பாகையைக் களைவர். அஃது அன்பினாற் செய்வது. அதனையே மனிதன் மனிதனிடம் வலிந்து பெறின் யாதாகும்? ஆப்பிரிக்கப் பயணம் காந்தியடிகளுக்கு இதனைக் கற்பித்தது.

வணிகர் ஒருவரின் வழக்கிற்காக 1893-இல் அடிகள் தர்பன் நகர் சேர்ந்தார். ஓராண்டிற்கென்று போனவரை 1914 வரை அந்நாடு நிறுத்திக்கொண்டது. தர்பன் நீதிமன்றத்தில் தலைப்பாகையை எடுக்குமாறு நடுவர் பணித்தபோது, மறுத்து வெளியேறினார். அன்று காத்தது தம் மானம். பிறர் மானத்தின் பாடம் மறு ஆண்டே வந்தது.

1860 முதல் சென்னையிலிருந்து நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறியோருள் தமிழர் மிகப் பலர். அத்தகைய தமிழ்க் கூலியான பாலசுந்தரம் என்பார், முதலாளியால் அடியுண்டு, முன்பற்கள் இரண்டு உடைந்து, குருதி ஒழுக, அழுதுகொண்டு அடிகள்முன் வந்து நின்றார். தலைப்பாகை கையில் இருந்தது. வெள்ளையர்முன் அவ்வாறு நிற்றல் அங்குக் கூலிகட்கு விதி. தம்மவர்முன்னும் அவர் அங்ஙனமே நின்றார்.

அடிமை என்னும் சொல்லைச் சைவம் இறைவன் ஒருவனுக்கே உரியதாக்கிற்று. ஆயினும் 1947-இல் ஆலய நுழைவுச் சட்டம் வரும்வரை, நம் நாட்டுக் கோயில்கள் பலவும் நம்மவருட் சிலரைப் புறத்தே நிறுத்தின. இதனை மறைத்தல் ஆகாது.

அடிகள் பாலசுந்தரத்தை மருத்துவரிடம் அனுப்பினார். முதலாளியைத் தண்டிக்க விழையாது, வேறொருவரிடம் பணி மாற்றித் தந்தார். ஆயின் முதற்கண் அவர் வேண்டியது ஒன்றே: தலைப்பாகையை அணிந்துகொள்ளுமாறு. பாலசுந்தரம் தயங்கினார், பின்னர் மெல்ல எடுத்துச் சுற்றிக்கொண்டார். குருதி தோய்ந்த அம்முகத்தில் மகிழ்ச்சி தோன்றிற்று.